கடைசிக் கட்டம்

பதினொன்றரைக்குத் தலை எண்ண வேண்டும்.
முந்தினால் ஆள் குறையும்,
பிந்தினால் தூக்கம் கெடும் என்கிறது கையேடு.
யார் தூக்கம் என்று போடவில்லை.

சராய் காலே கான். மேம்பாலத்துக்குக் கீழே
நான்காம் எண் தகரக் கொட்டகை. ஐம்பது பாய்.
கதவுக்கு மேலே மூன்று விரற்கடை இடைவெளி,
அதன் வழியே ஜனவரி மொத்தமும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.
அதற்கும் ஒரு கட்டம் இருந்தது: காற்றோட்டம்.
ஐந்துக்கு ஐந்து.

தலைகள் போர்வைக்குள். தெரிந்தவை கால்கள்தான்.
கால்களை எண்ணி இரண்டால் வகுத்தேன்.
முப்பதரை வந்தது.
மூலையில் ஒரு ஊன்றுகோலைப் பார்த்த பிறகு
முப்பத்தொன்று ஆனது.

பதிவேட்டிலோ நாற்பத்தெட்டு ரேகை,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த ரேகை.
காவலாளி தரம்வீர் கட்டைவிரலை மறைக்கவில்லை.
மை காயாமல் நீலமாக இருந்தது.
"முப்பத்தொன்று என்று போட்டால்
அடுத்த வருஷம் முப்பத்தொரு போர்வைதான் வரும், மேடம்.
குளிர் அப்படிக் குறைத்துக்கொண்டு வருமா?"
என் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.
அவர் கொடுத்த டீயைக் குடித்தேன்.

ஆண்கள் கொட்டகைக்கும் பெண்கள் கொட்டகைக்கும் நடுச்சந்தில்
முனேஷ் படுத்திருந்தாள், மகனோடு.
அவனுக்கு மேலுதட்டில் நிழல் விழுந்துவிட்டது.
ஒரு கதவு அவனை ஆம்பளை என்று தள்ளுகிறது.
இன்னொரு கதவு அவனை மட்டும் வா என்கிறது.
"ரெண்டு சுவத்துச் சூடும் இங்கதான் வரும்" என்றாள்,
நல்ல சீட்டுப் பிடித்தவளைப் போல.
பயனாளி அல்லாதோர் என்றொரு கட்டம் இருக்கிறது.
நிரப்புவது கட்டாயமல்ல.

அடுத்த பக்கம்: இந்தக் காலாண்டில் வெளியேறியோர்.
இலக்கு எட்டு. எண்ணிக்கை ஒன்பது.
இரண்டு பேருக்கு வாடகை அறை கிடைத்தது.
ஐந்து பேர் எங்கே என்று தெரியாது.
ஒருவர் சிறையில்.
ஒருவர் டிசம்பர் இருபத்தாறு விடியற்காலை
டீ வந்தபோது எழுந்திருக்கவில்லை.
"அவரும் பாயைக் காலி பண்ணினவர்தானே" என்றார் தரம்வீர்,
கிண்டலாக இல்லை, சந்தேகமாக.
எந்திரம் தானே பெருக்கி வகுத்தது:
நூற்றுப் பன்னிரண்டரை சதவீதம்.
பக்கத்தில் பச்சை வட்டம் எரிந்தது.
சமர்ப்பி என்பதை அழுத்தியது என் விரல்தான்.
அதில் மை இல்லை.

மூடுபனியில் வண்டி கிடைக்கவில்லை,
இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன்.
மூன்று மணிக்குப் பதினேழாம் பாயிலிருந்து
இத்வாரி எழுந்தான்.
ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர்,
ஞாயிறும் ஓக்லா சந்தையில் மூட்டை தூக்குகிறவன்.
போர்வையை மடிக்கவில்லை.
வாய் மூடிக் கிடக்கும்படி திருப்பிப் போட்டுவிட்டுப் போனான்,
சூடு கசியாமலிருக்க.

கால்மணி நேரம் கழித்து சோட்டன் மாஞ்சி வந்தார்.
எங்கோ பண்ணை வீட்டுக் கல்யாணம்.
மாப்பிள்ளைக் குதிரைக்கு முன்னால்
ஐந்து மணி நேரம் தலையில் விளக்குத் தூக்கியிருக்கிறார்.
சும்மாட்டின் வட்டம் முடியில் பதிந்திருந்தது.
சட்டையில் யாரோ தூவிய ரோஜா.
அதே பாயில், அதே போர்வைக்குள்
உறையில் கத்தியைப் போல நுழைந்தார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.
"எண்ணியாச்சா?"
"ஆச்சு."
"பதினேழுல யாரு, அவனா நானா?"
"இத்வாரி."
கொஞ்சம் யோசித்தார்.
"பரவால்ல. அவன் வாடகை பாக்கி வெக்கிற ஆளில்ல"
என்று சிரித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

கூடுதல் குறிப்பு, இருநூறு எழுத்துக்குள்
என்ற கடைசிக் கட்டம்
இன்னும் திறந்தே இருந்தது.
பாய் பதினேழு, இரவு முழுக்கச் சூடு
என்று தட்டினேன்.
எண் மட்டும் உள்ளிடவும் என்றது.
ஒன்று என்று போட்டேன்.
அழித்து இரண்டு என்று போட்டேன்.
வெளியே சந்தில் யாரோ இருமினார்கள்.
மூன்று.